கப்பலில் வைஃபை வந்தது, ஓடிபி வரவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் சிறிய அலுவலகம் வைத்து ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், 2023 மே மாதம் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போனார். அங்கிருந்து பினாங்கு போய்த் திரும்பும் பயணிகள் கப்பலில் மூன்று இரவுகள். லேப்டாப்பும் கூடப் போனது. ஏப்ரல் மாதத்து 3பி, அதாவது விற்பனையும் வரியும் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், தாக்கல் செய்யக் கடைசி நாள் மே 20. அந்த நாள் முழுக்கக் கடலில்தான் கழியும் என்று தெரிந்தேதான் போனார். கப்பலில் வைஃபை உண்டு, பேக்கேஜுக்கு முன்பே பணம் கட்டியாயிற்று, மிச்சமிருப்பது நாலைந்து பேர் கணக்கு. ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

அந்த ஒரு ராத்திரி வேலை பயணம் முழுவதையும் தின்றுவிட்டது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் அலுவலகத்தின் கணினி, நெட்வொர்க் வேலைகளைப் பார்ப்பவன் நான். கப்பலிலிருந்து அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், ஸ்கிரீன்ஷாட்டுகள், திரும்பி வந்தபின் அவர் லேப்டாப்பிலும் போனிலும் நான் திறந்து பார்த்த அமைப்புகள், இவைதான் ஆதாரம். கப்பலின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் இங்கே தேவையில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியபோது புதுச்சேரி அரசு அதற்கு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில் அப்படி ஒரு கப்பல் வந்து நம் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்கள், "கப்பல்ல நெட் கிடைக்குமா, லேப்டாப் எடுத்துட்டுப் போய் வேலை பார்க்கலாமா" என்று கேட்கிறார்கள். கிடைக்கும், பார்க்கலாம். ஆனால் கரையில் சேர்ந்தே கிடைக்கிற நாலு விஷயங்கள் கடலில் தனித்தனியாகப் பிரிந்துவிடும்: வைஃபை சிக்னல், அதில் உள்ளே நுழையும் லாகின், சாட்டிலைட் இணைப்பு, மொபைல் சிக்னல். ஒன்று இருக்கிறதே, மற்றதும் இருக்கும் என்று நம்பி ஒரு கெடு தேதியை ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து.

கிளம்பும் முன்

அக்காவின் வாடிக்கையாளர்களில் பாதி புதுச்சேரி, பாதி கடலூர். நேரு வீதி, காந்தி வீதிக் கடைகள் 34இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்காரர்கள்; திருப்பாதிரிப்புலியூர், முதுநகர்க் கடைகள் 33. சிறிய கடைகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 3பி போடும் திட்டத்தில் இருந்ததால் அவற்றின் தலைவலி அந்த மே மாதத்தில் இல்லை. மாதாமாதம் போடுகிறவர்களில், 14ஆம் தேதி 2பி (வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் காட்டும் பட்டியல்) வந்ததும் இன்புட், அதாவது கழித்துக்கொள்ளக்கூடிய அந்த வரி, சரிபார்த்து, பெரும்பாலானவர்களுக்கு ஊரிலேயே முடித்துவிட்டார். பில்லைக் கடைசி நேரத்தில் கொண்டுவருகிற சிலர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவர்கள்தான் மிச்சம்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தனிநபர் பெயரில் நடக்கும் கடைகள் ரிட்டர்னை ஓடிபி மூலம் உறுதி செய்து தாக்கல் செய்யலாம். அந்த ஓடிபி, பதிவில் இருக்கும் மொபைல் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் போகும். நம் ஊரில் பல வியாபாரிகள் பதிவு செய்யும் அன்றே, "எனக்கு எதுக்குக்கா அந்த மெசேஜ், உங்க நம்பரையே போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அக்காவும் போட்டுக்கொடுத்திருந்தார். கரையில் இருக்கும்வரை அது வசதி. யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் இருந்தாலும் வேலை முடியும்.

அவர் எடுத்துப்போன விண்டோஸ் லேப்டாப்பில் ஆன்டிவைரஸோடு சேர்ந்து வந்த விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்) ஒன்று, பொது வைஃபை என்றாலே தானாக ஓடத் தொடங்கும்படி இருந்தது. டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சர்வர்) முகவரியை எப்போதோ யாரோ 8.8.8.8 என்று கையால் போட்டு வைத்திருந்தார்கள். போனில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ரோமிங் பேக். கப்பலில் வாங்கிய இணையப் பேக்கேஜ் ஒரே ஒரு கருவிக்கு.

18ஆம் தேதி, சிங்கப்பூர்

கப்பலேறும் இடத்திலேயே பாதுகாப்புச் சோதனையில் அவருடைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பி ஃபேஸ், ஒரு கம்பி நியூட்ரல், நியூட்ரல் பூமியோடு சேர்ந்திருக்கும். பல கப்பல்களில் இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருக்கும், எதுவும் கப்பல் உடலோடு இணைந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் சர்ஜ் (திடீர் மின்னழுத்த உயர்வு) தடுப்பான் உள்ள பாக்ஸைச் செருகினால் அது சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். நடுக்கடலில் தீ என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. லேப்டாப் சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கப்பல் மின்சாரம் அதற்குப் போதும். நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, ஒரு சாதாரண அடாப்டர் மட்டும் வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் செய்தி வந்தது.

"தம்பி, லேப்டாப்ல வைஃபை ஃபுல்லா காட்டுது. ஆனா ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது. போன்ல நல்லா வருது."

போனில் நன்றாக வந்ததில்தான் ஒரு பகுதி விடை இருந்தது. பேக்கேஜ் ஒரு கருவிக்கு மட்டும். போனில் உள்ளே போனபோதே அந்த இடம் நிரம்பிவிட்டது. போனில் லாக்அவுட் கொடுத்தால்தான் லேப்டாப்புக்கு வழி. ஆனால் போனில் வெளியே வந்துவிட்டால் என்னோடு பேசவும் வழியில்லை. அதனால் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, "அக்கா, இதைப் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் போன்ல லாக்அவுட் பண்ணுங்க" என்றேன். கேபினில் கிடந்த நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டாராம்.

லேப்டாப் பக்கம் இருந்த சிக்கல் வேறு. கப்பல் வைஃபையில் சேர்ந்ததும் முதலில் கப்பலின் சொந்தப் பக்கம் ஒன்று திறந்து, கேபின் எண்ணோ கடவுச்சொல்லோ கேட்க வேண்டும். அதன் பெயர் கப்பலுக்குள் இருக்கும் டிஎன்எஸ் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். லேப்டாப்போ 8.8.8.8 என்று வெளியே இருக்கும் சர்வரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. லாகின் ஆகாமல் வெளியே போக முடியாது, வெளியே போகாமல் லாகின் பக்கம் கிடைக்காது. போதாததற்கு விபிஎன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேறு ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது. அதுவும் வாசலிலேயே நின்றுவிடும். தீர்வு சுலபம்: விபிஎன் நிறுத்து, டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்று, அந்த வைஃபையை மறந்துவிடச் சொல்லி மறுபடி சேர், கப்பல் தந்த அட்டையில் அச்சிட்டிருக்கும் லாகின் முகவரியை நேரடியாகத் தட்டு. கூகுள் போன்ற, முகவரியில் பூட்டுப் படம் காட்டும் பாதுகாப்பான பக்கங்களைத் திறந்து சோதித்தால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடாது, வெறும் எச்சரிக்கைதான் வரும். இதில் பலர் ஏமாந்து, நெட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் அந்தச் செய்தியில் எழுதினேன். வைஃபைக்கு உண்மையான வன்பொருள் முகவரிக்குப் பதில் ஏதோ ஒரு தற்செயலான முகவரியைக் காட்டும் வசதி போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிறது. வழக்கமாக அது நல்லது. ஆனால் முகவரி மாறிவிட்டால் கப்பல் அதைப் புதுக் கருவி என்று எண்ணி, இடமில்லை என்று சொல்லிவிடும். கப்பலின் வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் லேப்டாப் உள்ளே போனது. அப்போதும் கேபின் மேசையில் வைத்தால் இழுத்தது. கப்பலின் சுவர்கள் இரும்பு. வைஃபை கொடுக்கும் பெட்டி நடைபாதைக் கூரையில் இருந்தது, மேசையோ கேபினின் மறுகோடியில். கட்டிலின் வாசல் பக்க முனைக்கு மாறி உட்கார்ந்ததும் சீரானது. புதுக் கப்பல்களில் கேபினுக்குள்ளேயே பெட்டி வைத்துவிடுகிறார்கள் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஓடிபிக்குக் காத்திருந்த இரவு

அன்று இரவே அக்கா ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து, கணக்குகளை நிரப்பிச் சேமித்துவிட்டார். மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. தாக்கல் செய்யும் பொத்தானை அழுத்தினார். ஓடிபி அனுப்பிவிட்டதாகத் தளம் சொன்னது. போனுக்கு எதுவும் வரவில்லை. மறுபடி கேட்டார். அதுவும் வரவில்லை.

போன் விமான நிலையில் இருந்தது. பெரிய பையன் கப்பலேறியதுமே அப்படி மாற்றி வைத்திருந்தான். அவன் செய்தது சரி. கரையை விட்டு விலகியதும் பெரிய கப்பல்கள் தங்களுடைய சொந்த மொபைல் கோபுரத்தைப் போட்டுவிடும். அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத வலையமைப்பு. நாட்டுக் குறியீட்டு எண்ணே 901 என்று தனியாக இருக்கும். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வாங்கிய ரோமிங் பேக் அங்கே செல்லாது. கவனிக்காமல் விட்டால் கட்டணம் பயணச்சீட்டோடு போட்டி போடும். ஆக போனில் லாகின் செய்தால் வைஃபை உண்டு, வாட்ஸ்அப் உண்டு, மொபைல் வலையமைப்பு இல்லை. எஸ்எம்எஸ் என்பது வழக்கமாக அந்த மொபைல் வலையமைப்பின் வழியாக வருவது. லேப்டாப்பில் எவ்வளவு வேகமான நெட் இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் 19ஆம் தேதி பிற்பகல் கப்பல் பினாங்கில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் கட்டியது. அங்கிருந்து லிட்டில் இந்தியா நடந்து போகும் தூரம். பூக்கடையும் புடவைக் கடையும் பார்த்துக்கொண்டே நடந்தபோது அக்கா போனை விமான நிலையிலிருந்து எடுத்தார். மலேசிய வலையமைப்பு பிடித்ததுதான் தாமதம், டிங் டிங் என்று எஸ்எம்எஸ்கள் வந்து விழுந்தன. முந்தின இரவு கேட்ட ஓடிபிகள், ஒன்று விடாமல். போன் எட்டாத நேரத்தில் எஸ்எம்எஸ் உடனே காணாமல் போவதில்லை. நிறுவனத்தின் சேமிப்பு மையத்தில் காத்திருந்து, போன் கண்ணில் பட்டதும் வந்துசேரும். ஓடிபியின் ஆயுளோ சில நிமிடம். வந்தது எல்லாம் செத்த எண்கள். லேப்டாப் கப்பலில் கேபினுக்குள் இருந்தது. கையிலிருக்கும் போனில் மொபைல் சிக்னல் இருந்த அந்தச் சில மணி நேரம்தான் பயணத்திலேயே இந்த வேலைக்கு ஏற்ற நேரம். அது தெரியாமலே கடந்தது.

நடந்ததைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வேலைக்கு எது எது வேண்டும் என்று பிரித்துப் பார்த்திருந்தால் போதும், துறைமுக நேரத்தை ஓடிபிக்கும் கடல் நேரத்தைக் கணக்கு நிரப்பவும் ஒதுக்கியிருக்கலாம்.

மின்னஞ்சல் காப்பாற்றியதும், காப்பாற்றாததும்

19 இரவு அக்கா நிலைமையை எழுதினார். "அக்கா, ஓடிபி மெயிலுக்கும் போகுமே, பார்த்தீங்களா" என்று கேட்டேன். சில கடைகளுக்குப் பதிவில் அக்காவின் மின்னஞ்சலும் இருந்தது. எஸ்எம்எஸ் உடனே வந்துவிடும் ஊரில் மெயிலை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மெயில் வைஃபையில் வரும். பாதி கதவு திறந்தது.

எப்போது உட்காருவது என்பது அடுத்த கேள்வி. பினாங்கிலிருந்து கப்பல் கிளம்பிய இரவு எல்லாரும் போட்டோ ஏற்றுவார்கள், வீடியோ கால் பேசுவார்கள். கப்பல் முழுவதற்கும் வானத்திலிருந்து வருவது ஒரே இணைப்பு. காலை நேரத்துத் தெருக்குழாய் மாதிரி, வரிசை நீண்டால் குடம் நிரம்ப நேரமாகும். 20ஆம் தேதி பகலில் ஜிஎஸ்டி தளத்துக்கும் அதே கதி. கடைசி நாளில் நாடே அங்கே நிற்கும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். கப்பலில் விடியற்காலை 5 மணி என்றால் இங்கே ராத்திரி 2.30. கப்பலிலும் ஆள் இல்லை, தளத்திலும் ஆள் இல்லை. அந்த நேரத்தைச் சொன்னேன்.

ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, மெயில் ஓடிபி வைத்து இரண்டு ரிட்டர்ன் போட்டார். மூன்றாவதுக்கு முன் இணைப்பு அறுந்தது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து இடிமழைக் கூட்டம் வரிசையாக வரும். அந்தப் பக்கத்தில் அதை ‘சுமத்ராஸ்’ என்றே சொல்கிறார்கள். சாட்டிலைட் இணைப்பு பயன்படுத்தும் அலைவரிசைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். அவர் ஜன்னலில் தண்ணீர் அடித்த நேரமும் நெட் போன நேரமும் ஒன்று. மழை விட்டதும் தானாகத் திரும்பி வந்தது. இதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, கெடுவுக்கு இடம் விட்டு வேலை செய்வதைத் தவிர.

மெயில் தீர்க்காத கடை ஒன்று மிஞ்சியது. கடலூரில் ஓர் இரும்புக்கடை. பதிவில் மொபைல் எண் அக்காவுடையது, மின்னஞ்சல் முன்பு கணக்கு பார்த்தவர் அன்றைக்கு உருவாக்கியது. அதன் கடவுச்சொல் கடைக்காரருக்கும் தெரியாது. ஆக எஸ்எம்எஸ் மட்டுமே வழி, கப்பல் சிங்கப்பூர் சேருவது 21 காலை.

மலாக்கா நீரிணை குறுகலானது என்பதுதான் இங்கே கைகொடுத்தது. பினாங்கிலிருந்து தெற்கே வரும்போது மலேசியக் கரை கப்பலின் இடப்பக்கம் இருக்கும். போர்ட் டிக்சன் பக்கம் கப்பல் பாதை கரையை நன்றாக நெருங்குகிறது. கரைக்கு அருகே கப்பலின் சொந்தக் கோபுரத்தை வழக்கமாக அணைத்துவிடுவார்கள். "போனை ரோமிங்ல வச்சு, நெட்வொர்க்கைத் தானா தேட விடாதீங்க. லிஸ்ட்ல மலேசியா கம்பெனி பேர் வந்தா மட்டும் அதைக் கையால தேர்ந்தெடுங்க. கப்பல் பேர் வந்தா தொடாதீங்க" என்று எழுதினேன். 20 பிற்பகல் அக்கா மேல்தளத்தில் இடப்பக்கக் கம்பியோரம் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப், அதில் கப்பல் வைஃபை. கையில் போன், அதில் மலேசிய சிக்னல் ஒரு கோடு. வெயிலில் திரை தெரியாததால் கணவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ரிட்டர்ன் ஏற்கெனவே நிரப்பிச் சேமித்திருந்தது. ஓடிபி கேட்டார், வந்தது, போட்டார். தாக்கல் ஆன எண் திரையில் வந்தது.

புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருவருடையது மட்டும் கெடு தாண்டியது. வரிப் பணம் கட்ட அவருடைய வங்கிப் பக்கத்தைக் கப்பலிலிருந்து திறக்க முடியவில்லை. கப்பல் இணைப்பின் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சாட்டிலைட் தரையிறங்கும் நாட்டுடையது. வங்கிகளும் அரசுத் தளங்களும் சில சமயம் வெளிநாட்டு முகவரிகளைத் தடுத்துவிடும். அவரே கட்டிவிடலாம், ஆனால் அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. 21ஆம் தேதி போட்டதில் லேட் ஃபீஸ் 50 ரூபாய், ஒரு நாள் வட்டி தனி. அக்கா அதைத் தன் கையிலிருந்து கட்டினார். தொகை சின்னதுதான். நேரத்துக்குப் போட்டுத் தருவேன் என்று சொல்லி வைத்த பேரில் அது ஒரு கீறல். அவர் வருத்தப்பட்டதும் அதற்குத்தான்.

ஏன் மெதுவாக இருந்தது

அக்காவிடம் சொல்லிப் பிங் (ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது) அடித்துப் பார்க்க வைத்ததில் 600 மில்லி விநாடிக்கு மேல் காட்டியது. அந்த ஒரு எண் போதும், கப்பல் எந்த வகைச் சாட்டிலைட்டை நம்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது போலத் தெரியும் வகை அது. நம் கேள்வி மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அப்படியே. நாலு முறை அந்த உயரம் என்றால் ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் கிட்டத்தட்ட அரை விநாடி அதிலேயே போய்விடும். எந்தப் பேக்கேஜ் வாங்கினாலும் இந்த அரை விநாடி குறையாது. பாதுகாப்பான ஒரு பக்கம் முதல் எழுத்தைக் காட்டும் முன்பே லேப்டாப்பும் சர்வரும் மூன்று நாலு முறை பேசிக்கொள்கின்றன. இரண்டு விநாடி அங்கேயே முடிந்தது. ஜிஎஸ்டி தளம் போல ஒவ்வொரு சொடுக்குக்கும் சர்வரைக் கேட்கும் பக்கத்தில் இது கூடிக்கொண்டே போகும்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் தன் கப்பல்களுக்கு அதை வைக்கப்போவதாக அறிவித்தது, மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னால் வந்தன. இடையில் சுமார் 8,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஓ3பி என்ற சாட்டிலைட் வகையும் உண்டு. எனவே கப்பல் முன்பதிவு செய்யும்போது எவ்வளவு வேகம் என்று கேட்பதைவிட எந்தச் சாட்டிலைட் என்று கேட்பது பயன். இந்திய எல்லைக்குள் கப்பல்கள் இணையம் தருவதற்கு 2018 டிசம்பரில் வந்த விமான, கடல்வழி இணைப்பு விதிகள் தனியாக உள்ளன. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டருக்குள் நம் சட்டம்தான். அதனால் ஒரே கப்பலில் கூட இடத்துக்கு இடம் சேவை மாறலாம். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று யாராவது சாட்டிலைட் போன் கொடுத்தால் வாங்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் போன்களை இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம்.

லேப்டாப்பும் தன் பங்குக்குக் கழுத்தை நெரித்தது. கப்பல் வைஃபையில் சேர்ந்ததும் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும் கரையில் இருப்பதாக நினைத்துப் பின்னால் இறக்கவும் ஏற்றவும் தொடங்கியிருந்தன. வைஃபை அமைப்பில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை இயக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் இரவே அதைச் செய்திருக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் செய்யப்பட்டது.

கடலில் குறுஞ்செய்தி எவ்வளவு வலுவானது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மீன்பிடி படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் (செய்தி வாங்கி அனுப்பும் கருவி) இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது, இலக்கு ஒரு லட்சம் படகுகள். மொபைல் கோபுரம் எட்டாத தூரத்திலும் சாட்டிலைட் வழியாகச் சின்னச் சின்னச் செய்திகள் இரு பக்கமும் போகும். புயல் எச்சரிக்கை வர அது போதும். வீடியோ போகாது, போகவும் வேண்டியதில்லை. கப்பலில் வேலை பார்ப்பவரும் தன் வேலையை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் பழைய சாட்டிலைட்டிலும் காரியம் நடக்கும். அக்காவின் கணக்கு நிரப்பும் வேலை முதல் இரவே அப்படித்தான் நடந்தது. நின்றது ஓடிபியில்.

ஊருக்கு வந்தபின் மாற்றியவை

முதலில் எண்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ஜிஎஸ்டி பதிவிலும் கடைக்காரரின் சொந்த மொபைல், சொந்த மின்னஞ்சல் என்று திருத்தம் போடப்பட்டது. மொபைலும் மின்னஞ்சலும் மாற்ற அதிகாரி ஒப்புதல் தேவைப்படாது, ஓடிபி உறுதி செய்தால் போதும். சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா விடவில்லை. கப்பல் பயணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த ஓடிபி கடைக்காரரின் கையெழுத்து. ரிட்டர்னில் என்ன தொகை போகிறது என்று ஒரு நிமிடமாவது அவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அடுத்தவர் போனில் வந்து அடுத்தவர் விரலால் போடப்படும் ஓடிபியில் அந்தச் சரி எங்கே இருக்கிறது? கணக்கு பார்ப்பவர்களுக்கும் இது பாதுகாப்பு. பின்னால் ஒரு நோட்டீஸ் வந்தால், தெரியாது என்று கடைக்காரர் கைவிரிக்க முடியாது.

இரண்டாவது, வேலை ஊரிலேயே இருக்கும்படி செய்தோம். அலுவலகக் கணினியில் எனிடெஸ்க் என்ற மென்பொருள் போட்டு, கப்பலிலிருந்து அதன் திரையை மட்டும் பார்க்கும்படி. ஜிஎஸ்டி தளத்துக்கும் வங்கிக்கும் தெரிவது புதுச்சேரி ஐபி முகவரி. ஃபைல்கள் கடலுக்கு வருவதே இல்லை. லேப்டாப் தொலைந்தாலும் வாடிக்கையாளர் விவரம் போகாது. இங்கே மின்வெட்டு நம் எதிரி. யுபிஎஸ் தீர்ந்து கணினி அணைந்தால் கப்பலில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அமைப்புத் திரை), மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்ற அமைப்பை இயக்கி, எனிடெஸ்க்கும் விண்டோஸோடு சேர்ந்தே தொடங்கும்படி வைத்தோம். ரவுட்டரும் அதே யுபிஎஸ்ஸில்.

2025 கோடையில் மறுபடி சிங்கப்பூரிலிருந்து வேறு கப்பல். கிளம்பும் முன் அக்கா என்னிடம் கேட்டவை சில கேள்விகள்தான்: எந்தச் சாட்டிலைட், எத்தனை கருவி, துறைமுகத்தில் எத்தனை மணி நேரம். பிங் 100 மில்லி விநாடிக்குள் நின்றது. அலுவலகத் திரை கண்முன் ஓடுவது போல ஓடியது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் நிரப்பிச் சேமித்து, கடைக்காரர்களை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "அண்ணே, ஓடிபி வந்திருக்கும், தொகையைப் பார்த்துட்டுச் சொல்லுங்க." இரும்புக்கடைக்காரர், "கடல்லேந்தா பேசுறீங்க, சத்தம் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கே" என்று கேட்டாராம்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் ஓடிபியில் தாக்கல் செய்ய முடியாது, டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பென்டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. அலுவலகக் கணினியில் டோக்கனைச் செருகி வைத்துவிட்டு விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தால், அது அங்கே செருகிய டோக்கனைக் காட்டாது; நம் பக்கம் செருகியிருப்பதைத் தேடும். எனிடெஸ்க்கில் தெரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடும் உரிமையுள்ள டோக்கனை ஆளில்லாத அலுவலகத்தில் செருகியே விட்டுவிட்டு வருவதை நானும் ஒப்புக்கொள்ளவில்லை, அக்காவும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதைக்கு அந்தக் கம்பெனிகளின் டோக்கன் அவரவர் இயக்குநரிடமே இருக்கிறது; 18ஆம் தேதி அவர்களே அலுவலகத்துக்கு வந்து, செருகி, போட்டு, எடுத்துக்கொண்டு போகிறார்கள்.